பொலி சொல்ல மறுத்த கௌசல்யா

ஓ.எல். பரீட்சையில் எனக்கு இங்கிலீசு இரண்டு தரம் போனது. அப்படியிருந்தும் றொசல்லைக்கு மேலே பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது என்னைத்தான் 'கைட்' ஆக எடுத்தார்கள். வெள்ளைக்காரர்களைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது வேலை. இங்கிலீசு வராத இடத்தைச் சிரித்துச் சமாளிப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பிமாருக்கு, நான் ஒழுங்காகப் படித்த ஒரே ஒரு இங்கிலீசு வசனத்தைச் சொல்லிவைக்கிறேன்: 'புட் யுவர் ஃபுட் டவுன்.'

அதைப் படித்தது கௌசல்யாவால். தோட்டத்தில் எங்களுக்குப் பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளை. கெஸ்ட்டுகளுக்குக் கொழுந்து எடுத்துக்காட்ட அவளை வைத்திருந்தார்கள். மலையில் எல்லாரும் இப்போது நைலான் சாக்கில்தான் கொழுந்து போடுகிறார்கள். ஹோட்டலில் மட்டும் போட்டோவுக்காகப் பழைய பிரம்புக் கூடை.

"என்னா கௌசி, என்னையும் கூடையில போட்டுத் தூக்கிட்டுப் போறியா?" என்பேன்.

"ஒன்னையப் போட்டா முத்தல் எலைன்னு கங்காணி பொறுக்கி வீசிருவாரு" என்பாள்.

அந்த ஏச்சைக் கேட்பதற்காகவே அரை மணி முந்தி வேலைக்குப் போவேன்.

காலையில் முதல் பிடி கொழுந்தைப் போடும்போது 'பொலியோ பொலி' என்று குரல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொழுந்து நிறைய வரணும், குளவி கொட்டக் கூடாது என்று சாமியிடம் கேட்பது அது. ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். ஹோட்டல் மேனேஜருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போனது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குரூப்பைக் கூட்டிவந்து நிறுத்தினார்.

"எங்க கௌசல்யா, பொலி சொல்லு."

"காலையிலயே சொல்லியாச்சுங்க சார்."

"அதனால என்ன, இன்னொரு தடவ சொல்லு. வீடியோ எடுக்கப் போறாங்க."

"அது சாமிகிட்ட கேக்குறதுங்க. கூடை வேற காலியா கெடக்கு. வேற என்னா சொன்னாலும் செய்யிறேன். இது முடியாதுங்க."

"அப்ப நாளையிலருந்து வேலைக்கு வராத." என் பக்கம் திரும்பினார். "டேய் சுதா, நீயாவது இவளுக்குச் சொல்லேன்டா."

அவளும் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு வாயில் வந்தது பகிடிதான்.

"ஒரு வார்த்தைதானே கௌசி. சாமி என்னா, கையில மணிக்கூடு கட்டிக்கிட்டா இருக்கு?"

மேனேஜர் சிரித்தார். கௌசல்யா கூடையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

குரூப்பில் இருந்த வயதான மேடம் ஒருத்தர், அவள் போகிற பக்கம் கையைக் காட்டி, அப்போதுதான் அந்த வசனத்தைச் சொன்னார். காலைக் கீழே வைப்பது என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை என்றேன். நடந்துகொண்டே விளக்கினார். பிடிக்கவில்லை என்று முணுமுணுப்பதற்கு இதைச் சொல்லக் கூடாதாம். மற்றவர்கள் விடாமல் நெருக்கும்போது, 'இது நடக்காது' என்று உறுதியாகச் சொல்லி அதோடு நிறுத்துவதற்குத்தான் சொல்லணுமாம். மகன் மோட்டார் சைக்கிள் கேட்டு அடம்பிடிக்க, அப்பா கண்டிப்பாக மறுப்பது மாதிரி. பெரும்பாலும் அதிகாரம் உள்ளவர்கள் செய்கிற காரியமாம்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன அதிகாரம் இருந்தது?" என்று என்னையே கேட்டார்.

மறுநாளிலிருந்து பொலி சொன்னது நான். குரூப்புக்கு ஒரு தரம், காலிக் கூடையோடு. கெஸ்ட்டுகள் கைதட்டினார்கள்.

கௌசல்யாவுக்குக் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. அவள் போகிற அன்றைக்கு ஸ்டேசனுக்குப் போனேன். பகிடி ஒன்றும் வரவில்லை.

"போகாத கௌசி."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீ சொன்னா நின்னுருவேன்னுதான் நானும் நெனச்சிக்கிட்டு இருந்தேன் சுதா. அன்னைக்கு வரைக்கும்."

நான் இன்னும் அந்த ஹோட்டலில்தான் இருக்கிறேன். அரை மணி முந்திப் போவதில்லை. கெஸ்ட் யாராவது கேட்டால் அந்த வசனத்தை அழகாக விளக்குவேன். ஆனால் உதாரணத்துக்கு அவளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பிமாரே, நீங்கள் உங்களையே உதாரணமாகச் சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.