தூள் முந்தி வந்த பஸ்

1996 ஓகஸ்ட். பாங்கொக்கிலிருந்து ஒரு கிழமையாக ரயிலும் பஸ்ஸுமாக முதுகுப்பையோடு இறங்கி வந்த எனக்கும் தம்பி ரவிக்கும் இது கடைசி எல்லை. காலை பத்து மணிக்கு ஜொகூர் பாருவில் மலேசிய முத்திரையைக் குத்திக்கொண்டு சிங்கப்பூர் பஸ் ஏறினோம். ஆளுக்கு ஒரு ரிங்கிட் இருபது சென்.

ரவிக்கு இது வெறும் ஊர் சுற்றல் இல்லை. ரொறன்ரோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வருடமாக அவன் ரெலிபோனில் கதைத்துக் காதலித்த வாணியின் தாய், இன்றைக்குத்தான் அவனை முதன்முதலாகப் பார்த்து முடிவு சொல்லப்போகிறார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிங்கப்பூரில் குடியேறிய அந்த அன்ரி கேட்டது ஒன்றே ஒன்று: ஊர் முறையில் வறுத்த மிளகாய்த்தூள். ரொறன்ரோவில், டோர்செட் பார்க் அடுக்குமாடியில் அம்மா அதை வறுத்தபோது புகை அலாரம் அடித்து, பதினாலு மாடிச் சனமும் வாசலில் இறங்கி நின்றது.

கடலை ஊடறுக்கும் ஒரு கிலோமீற்றர் பாலம் முடிந்ததும் சிங்கப்பூர்க் குடிவரவு வாசலில் பஸ் நின்றது. எல்லோரும் மூட்டையோடு இறங்கி ஓடினார்கள். நாங்கள் மட்டும் பாஸ்போர்ட்டை நீட்டியபடி இருந்தோம். அமெரிக்க எல்லை தாண்டி பஃபலோவுக்குப் போகும்போது காருக்குள் இருந்தே காட்டிப் பழகியவர்கள் அல்லவா!

டிரைவர், மலேசியத் தமிழர், திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆபிசர் வந்து வெத்தல பாக்கு வச்சி அழைக்கணுமா? எறங்குங்க!"

அடித்துப் பிடித்து இறங்கினோம். முத்திரை வாங்கி வெளியே வந்தால் பஸ்ஸைக் காணோம். அதே டிக்கெட்டில் அடுத்த பஸ் ஏறலாமாம்.

"அக்கா, தூள் எங்கை?"

"உன்ரை கையிலைதானே இருந்தது?"

"ஐயோ, சீற்றுக்குக் கீழை! வெறுங்கையோடை போய் நிண்டால் அந்த மனிசி என்ன நினைக்கும்?"

"மூஞ்சையை உப்பிடி வைச்சுக்கொண்டு போனால் இன்னும் நல்லா நினைக்கும்."

அரை மணித்தியாலம் வரிசையில் நின்று அடுத்த பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அடுக்குமாடிகள், யன்னல்தோறும் நீட்டிய கழிகளில் சட்டைகள் காய்ந்தன. ரவி எதையும் பார்க்கவில்லை.

பஸ் குவீன் ஸ்ட்ரீட்டில் இறக்கிவிட்டது. எங்கள் ரொறன்ரோ குவீன் ஸ்ட்ரீட்டில் தெருத் தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் ஊரும். இங்கே சனம் ஓடுகிறது. டுரியான் பழ வாசனைக்கு நடுவே இன்னொரு வாசனை என் மூக்கைத் தொட்டது.

முதல் பஸ் டிரைவர் சிரித்துக்கொண்டு நின்றார். "பஸ்ஸே கமகமன்னு இருந்திச்சும்மா. இது யாரோடதுன்னு தூக்கிக் காட்டினேன். எங்களோடதுன்னு இவங்க வந்தாங்க."

பக்கத்தில் வாணி, அவளருகே எங்கள் தூள் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி அன்ரி. எங்களைக் கூட்டிப்போக வந்தவர், மணத்தைப் பிடித்தே அது எங்கள் தூள் என்று கண்டுவிட்டார். ரவியை மேலும் கீழும் பார்த்தார்.

"தூள் வந்து அரை மணித்தியாலம். மாப்பிள்ளை இப்பதான் வாறார்!"

மாப்பிள்ளை! ரவியின் காது சிவந்தது. பதினாலு மாடிச் சனம் இறங்கி நின்றது வீண்போகவில்லை.