வாப்பாவும் மகளும் குளிசை விழுங்கின கதை

சுனாமியில் கடல் வந்துபோன பிறகு சாய்ந்தமருது முகாமில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில் கிடைத்தது. நான், கணவர், ஏழு வயது மகள். பக்கத்துக் கொட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு தகரம்தான். இங்கே தும்மினால் அங்கேயிருந்து 'அல்லாஹ் கிருபை செய்யட்டும்' என்று துஆ வரும்.

மகளுக்குக் காதில் சீழ் வைத்தது. முகாமுக்கு வந்த டொக்டர், பிள்ளைகள் குடிக்கிற பாணி மருந்து முடிந்துவிட்டதென்று கெப்சூல் கொடுத்தார். அவளோ அதுவரை ஒரு குளிசைகூட விழுங்கியவள் இல்லை. அண்ணாந்து கோப்பைத் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். வாயைத் திறந்தால் குளிசை நாக்கின் மேல் அப்படியே இருந்தது.

"இஞ்ச பாருங்க மகள், வாப்பா முழுங்கிக் காட்டுறன்."

கணவர் கரைவலை இழுக்கிறவர். மரம் மாதிரி ஆள். தலையிடிக்கென்று வைத்திருந்த பனடோல் ஒன்றை வாயில் போட்டு, அண்ணாந்து, தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் மூக்கால் வந்தது. குளிசை பறந்துபோய்த் தகரத்தில் 'டிங்' என்று அடித்தது.

"உங்களுக்கும் ஏலாதா?" என்றேன்.

"நான் சின்னதிலயிருந்து சப்பித்தான் தின்றது" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மகள் பாயில் உருண்டு சிரித்தாள். கடல் வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த கெப்சூல் கோப்பைக்குள் விழுந்தது. பார்த்தால், மிதக்கிறது!

அண்ணாந்தால் அது பல்லுப் பக்கம்தானே மிதந்து வரும்? குனிந்தால் தொண்டைப் பக்கம் போகாதா? முதலில் காலையில் காய்ச்சிய கஞ்சியிலிருந்த சவ்வரிசி ஒன்றை நாக்கில் வைத்துப் பழக்கினேன். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு கெப்சூல். பிஸ்மில்லா சொல்லி, ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, நாடியை நெஞ்சில் முட்டக் குனிந்து விழுங்கினாள்.

"போயிட்டு உம்மா!"

நாக்கை நீட்டிக்கொண்டு கொட்டில் கொட்டிலாக ஓடிக் காட்டினாள். திரும்பி வரும்போது பின்னால் ஒரு பிள்ளைப் பட்டாளம். எல்லோருக்கும் சவ்வரிசி விழுங்கிப் பழக வேண்டுமாம். கஞ்சிப் பானையைச் சுற்றி அமர்ந்து குனிந்து குனிந்து விழுங்கினார்கள். பக்கத்துக் கொட்டில் ராத்தா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள இது, கோழிக் கூட்டமா?" என்று கேட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

கணவரும் மெல்ல வந்து பிள்ளைகளுக்கு நடுவே குந்தினார். மகள் புதுப் பனடோல் ஒன்றைக் கோப்பையில் போட்டுப் பார்த்தாள். தாழ்ந்தது.

"வாப்பா, உங்கட குளிசை மிதக்காது. குனிய வாணாம். நேரா பாத்துக்கிட்டு முழுங்குங்க."

"ஓம் மகள்" என்று, கரையத் தொடங்கியிருந்ததை எடுத்து வாயில் போட்டார். கண்களை இறுக்கி மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. வாயைத் திறந்து காட்டினார், ஒன்றுமில்லை. பிள்ளைகள் கைதட்டிக் கூச்சல் போட்டார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முகாமை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

எனக்குச் சிரித்தே விலா நொந்தது. பின்னேரம் அடுத்த கெப்சூலை மகள் தானாகவே கேட்டு வாங்கி விழுங்கினாள். காதும் சுகமானது.