ஏலியா ஐயா திரும்பிப் பார்த்தாரா?

கஞ்சிக்கோட்டுப் பெருமக்களுக்கு அறிவிப்பது: ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுப் பூனை நேற்று நான்கு குட்டிகள் ஈன்றது, தாயும் சேய்களும் நலம். அதைப் பார்க்கப் போன இடத்தில்தான் கொச்சியிலிருந்து வந்த ரயில் கார்டு சொன்னார், ஏலியா ஐயா தவறிப் போய்விட்டாராம். பூனையைப் பார்க்காமலே திரும்பினேன்.

அவரை உங்களுக்குத் தெரியும். கொச்சி யூதர். தங்கள் வேதத்தைத் தோல் ஏடுகளில் கையால் எழுதுபவர். கடலோர ஈரத்தில் தோல் பூஞ்சை பிடிக்கிறதென்று, நம் கணவாயின் வறண்ட காற்றைத் தேடி வந்து எங்கள் பக்கத்து வீட்டில் தங்கினார். "கொச்சியில மீனு காயுது, தோலு காயாதுங்களா?" என்று சீண்டினேன். "மீனு உப்பு தின்னும். வேதம் தின்னுமோடா?" என்றார்.

இறைவன் பெயரை எழுதத் தொடங்கினால், முடியும்வரை யாருக்கும் பதில் சொல்லக் கூடாதாம். பல நூறு வருஷங்களுக்கு முன் பாக்தாத்திலும் எகிப்திலும் எழுதியவர்கள் காத்த முறை அது. வாசலில் சுல்தானே வந்து கூப்பிட்டும் ஒரு கிழவர் ஏட்டிலிருந்து நாணற்பேனாவை எடுக்கவில்லையாம். சுல்தான் என்ன செய்தார் என்று கேட்டேன்.

"நின்னாரு. வேறெந்து செய்யும்?"

எனக்கு அது போதும். மறுநாள் அவர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, ஜன்னலடியில் தாசில்தார் குரலில் அதட்டினேன். அவர் பதறி எழுந்து "இதோ வந்தேன் எஜமானே" என்றதை மளிகைக்கடையில் நடித்துக் காட்டினேன். நீங்களும் சிரித்தீர்கள். சுல்தானால் முடியாததைச் சாதித்தவன் என்று திரிந்தேன். அவரிடம் இருந்தது மை. என்னிடம் இருந்தது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

ஏடுகளைச் சேர்த்துத் தைத்த வேதச் சுருளை வாங்கக் கொச்சிப் பெரியவர்கள் வந்தபோது கடையில் இதைக் கேட்டுவிட்டார்கள். நடுவில் பேசியிருந்தால் அந்த ஏடு ஆகாது, புதைக்க வேண்டும். பேசவில்லை என்றார் ஏலியா ஐயா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கூட்டாளிகளும்தான்.

"பேசுனாருங்க" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "சம்சயம் வந்த ஏடு வாசிக்க ஆகாது" என்று தானே தையலைப் பிரித்து அந்த ஏட்டை எடுத்தார். புளியமரத்தடியில் குழி தோண்டியவர்களில் நானும் ஒருவன். மழைக்காலம் முழுக்க அதை மறுபடி எழுதினார். ஜன்னலை மட்டும் அடைக்கவே இல்லை.

என்னிடம் இருந்தது பொய்மை. அன்று ஜன்னலடியில் நான் அதட்டியபோது அவர் தலை அசையக்கூட இல்லை. பெயரை எழுதி முடித்து, பேனாவைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினார். "தாசில்தாரு இப்பவும் நிக்கறாரோ?" என்று கேட்டார். நின்றுகொண்டுதான் இருந்தேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான்.

புளியமரத்தடியில் நாம் புதைத்தது நல்ல ஏடுங்க.