கேட்கிறது சார்

என் டோக்கன் எண் முப்பத்தெட்டு. மூன்று முறை கூப்பிட்டார்களாம். காது மூக்கு தொண்டைப் பிரிவின் நடையில் பெஞ்சில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த டெங்கு எச்சரிக்கையை இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பிடிக்கப் போன என் மனைவி கோமளா திரும்பி வந்து தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“இன்னாங்க, உங்க நம்பர மூணு தபா கூப்ட்டாங்களாம். நீங்க பாட்டுக்கு குந்திக்கினு கீறீங்க!”

“எவனும் கூப்புடல” என்றேன். நடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நான் கத்தியிருக்கிறேன் என்பது அவர்கள் முகங்களைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார். வெகுநேரம் சத்தமே வரவில்லை. மெஷின் பழுது என்று நினைத்தேன். பிறகு ஆடியோகிராமை (எவ்வளவு மெல்லிய ஒலி காதில் விழுகிறது என்று காட்டும் வரைபடம்) மேசையில் விரித்தார். கோடு ஓர் இடத்தில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கியிருந்தது.

“இன்னா வேல பாத்தீங்க ஐயா?”

“மிலிட்டரி. பீரங்கி.”

“வயசுல வர்ற குறை இப்படி இருக்காது. இது வெடிச் சத்தத்துல வர்றது.” என் முகத்துக்கு நேரே, நிதானமாகச் சொன்னார். அதனால் புரிந்தது. நரம்புச் செவிடு (உள்காதின் நுண்முடிகள் அழிந்து, ஒலி மூளைக்குப் போய்ச் சேராத நிலை) என்று எழுதினார். கூடவே காதிரைச்சல் (வெளியே ஒலி எதுவும் இல்லாமலே காதுக்குள் கேட்கும் சத்தம்). மருந்து இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை. காதுக் கருவி போட்டால் மிச்சம் இருப்பதை வைத்துக் காலம் தள்ளலாம். “பட்டாளத்துக்கு எழுதிக் கேளுங்க. இது உங்க வேலையால வந்ததுதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் ஆரம்பித்தேன். இது வேலையால் வந்தது என்று ஒரு தாளில், ஒரு முத்திரைக்குக் கீழே எழுதி வாங்க வேண்டும். ஓய்வூதியம் கொஞ்சம் கூடும், நல்ல கருவி கிடைக்கும், எல்லாம் உண்டுதான். ஆனால் எனக்கு அந்த வாக்கியம் வேண்டியிருந்தது. டிவியை அலறவிடுகிறவன், கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்தவன் என்று தெருவே பேசிய மூன்று வருடத்துக்கு அது ஒரு பதில்.

அதற்குக் குறுக்கே நின்றது யார் தெரியுமா? நான்தான்.

பட்டாளத்தில் இருந்தபோது பாலைவனத்தில் குண்டுப் பயிற்சி. பீரங்கி வெடித்தால் நெஞ்சுக்கூடு ஒருமுறை குலுங்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். ஆனால் பஞ்சு வைத்தால் உத்தரவு காதில் விழாது, விழாவிட்டால் திட்டு. எடுத்து எறிந்துவிடுவோம். நாலு குண்டு போனபின் யாருக்குமே எதுவும் கேட்காது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்து வேலை செய்வோம். எங்களைப்போல் உதடு படிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருக்க முடியாது. குண்டுக்குப் பின் காதுக்குள் ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல் நிற்கும்; முதல் சில வருடங்கள் அது மூன்று நாளில் போய்விடும். பிறகு ஒரு தடவை போகவே இல்லை.

வருடாந்திர மருத்துவச் சோதனையில் காதுக்கு ஒரு முறை இருந்தது. டாக்டர் நம் முதுகுக்குப் பின்னால் தள்ளி நின்று மெல்லிய குரலில் ஓர் எண் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து வர வேண்டியவர்கள் எதிர்ச்சுவர் ஓரம் வரிசையாக, நம்மைப் பார்த்து நிற்பார்கள். அவர்களில் காது நன்றாக இருக்கிறவன் அந்த எண்ணைச் சத்தமில்லாமல் உதட்டில் சொல்வான். நாம் அதைப் படித்துவிட்டு “கேட்கிறது சார்! நாற்பத்தேழு!” என்போம்.

எனக்கு உதட்டில் சொன்னவன் தங்கராஜ், குடியாத்தத்துக்காரன். அவன் முறை வந்தால் நான் சொல்வேன், அந்த நாளில் எனக்கு எந்தக் காது ஒத்துழைக்கிறதோ அதை வைத்து. பிடிபட்டால் மருத்துவத் தரம் இறங்கும், பீரங்கியிலிருந்து எடுத்து ஸ்டோரில் போடுவார்கள், பதவி உயர்வு போகும். ஓய்வு பெறும்போது நடந்த கடைசிச் சோதனையிலும் அதையேதான் செய்தோம். குறை இருக்கிறது என்று சொன்னவர்களை ராணுவ மருத்துவமனையில் வாரக்கணக்கில் காக்கவைத்தார்கள். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். கேட்கிறது சார்.

மனு போட்டதும் அந்தக் கடைசிச் சோதனையின் காகிதம் வெளியே வந்தது. ஓய்வு பெறும் நாளில் இரண்டு காதிலும் பழுதில்லை என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

மருத்துவக் குழு ஒன்று கூப்பிட்டது. அங்கிருந்த பெரிய டாக்டர் முகக்கவசம் போட்டிருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி. குனிந்து எழுதியபடியே ஏதேதோ கேட்டார். உதடு தெரியவில்லை. காது கேளாதவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: புரியாததற்கெல்லாம் தலையாட்டுவது. மேலதிகாரி முன்னால் அது இன்னும் கெட்டியாக வரும். “ஆமா சார்” என்று மூன்று தடவை சொன்னேன்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மனுதாரர் காஞ்சிபுரத்துக்காரர், வீட்டில் தறி உண்டு என்று அவரே கூறியுள்ளார், குறைபாடு தறிச் சத்தத்தால் வந்திருக்கலாம், ராணுவப் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

காஞ்சிபுரத்துக்கு வெளியே ஏனாத்தூர் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் என் அப்பாவும் அம்மாவும். எங்கள் வீட்டில் ஒருநாளும் தறி இருந்ததில்லை.

“நம்ம ஊட்ல எங்கங்க தறி கீது?” கோமளா கடிதத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். “காஞ்சிவரத்துல பொறந்தா எல்லாரும் தறிக்குழியிலதான் பொறப்பாங்களா? நீங்க எதுக்கு ஆமான்னீங்க?”

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன்.

வக்கீல் சாட்சி கேட்டார். தங்கராஜ் நினைவுக்கு வந்தான். போனில் நான் பேச முடியாது, கோமளா பேசினாள். அந்தப் பக்கம் எடுத்தது அவன் மனைவி. நடந்ததை எழுதித் தருவானா என்று கோமளா கேட்டாள். பிறகு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“அந்தம்மா அவரு காதுல கத்திக்கினு கீது. நாலு தபா கத்திச்சி.” போனை மறுபடி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “அவருக்குக் காது நல்லா கேக்குதாம். சாட்சி எல்லாம் வேணாமாம்.”

தங்கராஜ் ஒரு தொழிற்சாலையில் செக்யூரிட்டி. செவிடன் என்று தெரிந்தால் வேலை போகும். அவன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கோபப்பட்டேன்.

கடைசியில் நானே அஃபிடவிட் (சத்தியம் செய்து எழுதித் தரும் வாக்குமூலம்) கொடுத்தேன். சோதனைகளில் ஏமாற்றினேன், எல்லோரும் ஏமாற்றினோம், காது அப்போதே போய்விட்டது என்று எழுதினேன். தங்கராஜ் பெயரைச் சேர்க்கவில்லை. இப்படி ஒப்புக்கொள்ள வேண்டாம் என்றார் வக்கீல். அவர் பேச்சை நான் கேட்கவில்லை.

மறுபடி ஒரு குழு. மெஷின் சோதனை முடிந்ததும் பழைய முறையையும் பார்க்கலாம் என்றார்கள். டாக்டர் பின்னால் போய் நின்றார். எதிரே நாற்காலியில், ஃபைலைப் பிடித்தபடி ஓர் ஆர்டர்லி (டாக்டருக்கு உதவியாக நிற்கும் சிப்பாய்), நாற்பது வயதிருக்கும். அவர் என் சட்டையில் இருந்த படைப்பிரிவுச் சின்னத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. பிறகு அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. அறுபத்திரண்டு.

முன்னாள் சிப்பாய்க்கு அவரால் முடிந்த உதவி. எங்கள் பழக்கம் இன்னும் சாகவில்லை. என் வாய் தானாகத் திறந்தது, குதிகால்கள் தானாகச் சேர்ந்தன.

“கேக்கல சார்” என்றேன். வாழ்நாளில் முதல் தடவை. ஆர்டர்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தத் தீர்ப்பும் கடிதமாக வந்தது. காது கேளாமை உண்மை. ஆனால் செவிச் சோதனைகளில் ஏமாற்றியதாக மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால், அது எப்போது, எதனால் வந்தது என்று அவர் கூறுவதை ஆதாரமாகக் கொள்ள இயலாது. பொய் சொன்ன வருடமெல்லாம் என்னை நம்பினார்கள். மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அடுத்த தேதி இன்னும் வரவில்லை.

இதை வாசிக்கும் யாராவது இன்னும் பணியில் இருந்தால், காதில் இரைச்சல் நிற்காத அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். எழுத்தில் வாங்குங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நண்பனுக்கு உதட்டில் எண் சொல்லாதீர்கள். அது அவனுக்குச் செய்யும் உபகாரம் அல்ல.

கருவி போட்டிருக்கிறேன். தட்டு விழுந்தால் தலைக்குள் விழுகிறது, மனிதக் குரல் மட்டும் சரியாக வருவதில்லை. அதைக் கழற்றினால் அந்தக் ‘கொய்ங்’ காத்திருக்கிறது. பயிற்சி முடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது, என் காதுக்கு மட்டும் கடைசிக் குண்டு இப்போதுதான் வெடித்த மாதிரி.

சாயந்தரம் கோமளா ஏதோ சொல்வாள். முன்பெல்லாம் தலையாட்டுவேன். இப்போது அதை விட்டுவிட்டேன். “கேக்கல, இன்னொரு தபா சொல்லு” என்கிறேன். அவளும் சொல்வாள், இரண்டு தடவை, மூன்று தடவை. நாலாவது தடவை கேட்டால் கையை உதறிவிட்டு, “ஒண்ணும் இல்ல, விடுங்க” என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

அதை மட்டும் அவள் உதட்டிலிருந்து ஒரு தடவைகூடத் தப்பாகப் படித்ததில்லை.