மலையேறாத பேட்டரி

மச்சான் வீட்டுப் பின்வாசலில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு ஜீப் பேட்டரி கிடக்கிறது. வெகுநாளாக அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் சந்து வழியே எட்டிப் பார்த்து விலை கேட்டால், மச்சான் கையை மட்டும் அசைத்து அனுப்பிவிடுவார். பேட்டரி விற்கிறவர்கள் வாரண்டிக்காக, வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஈய முனையில் குத்திக் கொடுப்பார்கள். எதற்கும் நாள் தேதி பார்க்கிற ஆள் நான். ஊரில் எந்தக் கட்டடம் எந்த ஆண்டு எழுந்தது என்று என்னிடம்தான் கேட்பார்கள். ஆனாலும் அந்தப் பொடியைச் சுரண்டி, அடியில் இருந்த தேதியைப் பார்க்க எனக்குக் கை வந்ததில்லை.

மச்சான் என் அக்காவின் கணவர். போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்து ஆட்களை மலைக்கு ஏற்றிப்போய், பொழுது சாய இறக்கிவருவது அவர் தொழில். அக்காவும் அதே ஜீப்பில் காய் எடுக்கப் போவாள். மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோய், அகலப்பாதை இன்னும் வராதிருந்த காலம் அது. மின்வெட்டு உச்சத்தில் இருந்ததும் அதே வருடங்களில்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. வேறு ஊர்களில் தூக்கிப் போட்டுவிட்ட பழைய மெஷின் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கீழிருந்து மேலே பறந்தபடி எதிரி விமானங்களைச் சுடுகிற ஆட்டம். நின்றுகொண்டே ஆட வேண்டும். மச்சான் ஆடும்போது உடம்பு அசையாது, மணிக்கட்டு மட்டும்தான் அசையும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார். எந்த விமானம் எந்த மூலையிலிருந்து வரும் என்பதை, மலைப்பாதையின் பள்ளங்களைப் போல அவர் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அந்த மெஷினுக்கு ஒரு குறை உண்டு. கரண்டு போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் அதிகப் புள்ளி எடுத்தவர் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளைப் பதிக்கலாம். அடுத்த மின்வெட்டு வரைக்கும்தான் அந்தப் பெயருக்கு ஆயுள். மச்சான் எத்தனையோ முறை முதலிடத்துக்கு வந்தார். ஒன்றுக்கும் சாட்சி இல்லை. சின்னமனூரிலிருந்து வாழைத்தார் வாங்க வரும் வியாபாரி ஒருவர் அவரைவிட அதிகம் எடுத்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "கரண்டு போனா ஒன் ராச்சியமும் போச்சுல்லய்யா, பெறகென்ன ராசா நீ?" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். மச்சானும் சேர்ந்துதான் சிரித்தார். வீட்டுக்கு வந்தவர் அன்று சாப்பிடவில்லை.

அதற்குச் சில வாரம் முன்புதான் ஜீப்புக்குப் புதுப் பேட்டரி வாங்கியிருந்தார்கள். பழையது வலுவிழந்து ஹாரன் முனகியது. மூடுபனியில் அப்படிப் போவது அக்காவுக்குப் பயம். விடாமல் நச்சரித்து வாங்க வைத்தவள் அவள்தான். கடைக்குக் கூடவே போய், "ஹாரன் வளைவுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குமாண்ணே?" என்று விசாரித்துவிட்டுத்தான் வாங்க விட்டாள்.

தோட்டத்தில் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் காலையிலேயே கடைக்குப் போய்விட்டார். நானும் போயிருந்தேன். அன்று அவர் கை என்றும் இல்லாதபடி ஓடியது. மதியத்துக்குள் பழைய கணக்குகளையெல்லாம் தாண்டிவிட்டார். மின்வெட்டு நேரம் நெருங்கியது. கடைக்காரரின் இன்வெர்ட்டரில் இருந்த பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மச்சான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சாவியை நீட்டினார், என்னிடம் அல்ல, கடைக்காரரிடம். "அண்ணே, ஜீப்புப் பேட்டரியக் கழத்திக் கொண்டாங்க. வெரசா!" கடைக்காரர் அதை இன்வெர்ட்டரில் மாட்டி முடித்த சற்று நேரத்தில் தெருவே அணைந்தது. இந்தத் திரை மட்டும் அணையவில்லை. பொழுது சாயும்போது மச்சான் தன் மூன்று எழுத்துகளையும் முதலிடத்தில் பதித்தார். சின்னமனூர்க்காரருக்குப் போன் போனது. "நாளைக்குச் சாயந்தரம் லோடு ஏத்த வர்றேன். கண்ணால பாத்தா ஒத்துக்கிறேன்" என்றார் அவர்.

நாளைக்குச் சாயந்தரம் வரை பெயர் திரையில் நிற்க வேண்டும். நடுவில் மின்வெட்டு வராமல் போகாது. அதனால் பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் பேட்டரி இல்லாமல் மலையேறுவது என்று முடிவு செய்தார். ஜீப்பை இறக்கத்தில் தள்ளினால் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு அணைக்காமல் ஓட்டினால் போதும். "ஹாரன் இல்லாமயா மலைக்குப் போறீக?" என்றாள் அக்கா. "பின்னாடி இத்தன பொம்பளைக இருக்கீக, ஒங்க வாய விடவா ஹாரன் சத்தம் போடப் போகுது?" என்றார். அவளுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. "ஒரு நாளு. இந்த ஒரு நாளுதான்" என்று விரல் நீட்டிச் சொன்னாள்.

அந்த ஜீப்பில் போய்ப் பிழைத்த பெண்கள் பிறகு சொன்னதைத்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வளைவிலும் எல்லோரும் சேர்ந்து "பாம்... பாம்..." என்று கத்தியிருக்கிறார்கள். அக்காதான் முதலில் தொடங்குவாளாம். ராசிங்காபுரத்துக்காரி ஒருத்தி, "ஏத்தா, தோட்டத்துக்குப் போறதுக்குள்ள தொண்ட கட்டிரும், கங்காணிகிட்ட கையிலதான் பேசணும்" என்று சொல்ல, சிரிப்பில் ஜீப்பே குலுங்கியதாம். மேலே போகப் போக மூடுபனி இறுகியது. அந்த வளைவிலும் அவர்கள் கத்தினார்கள். இறங்கிவந்த லாரியின் எஞ்சின் சத்தத்தில் அது கேட்கவில்லை, லாரி ஜீப்பில் மோதியது. அக்கா பின்பக்க ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. மற்றவர்கள் எலும்பு முறிவுகளோடு தப்பினார்கள். மச்சானுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மச்சான் என்னை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கக் கடைக்காரருக்குக் கை வரவில்லை. முதலிடத்தில் அந்த மூன்று எழுத்துகள் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தன. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "திங்கக்கெழம சாயந்தரம் சின்னமனூர்க்காரர் வந்தாரு. அவருக்கு வெவரம் தெரியாது. பாத்துட்டு, 'ஒத்துக்கிட்டேன்னு சொல்லிருங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு." மச்சான் தலையாட்டினார். கடைக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பேட்டரி முனைகளைத் தாமே கழற்றினார். திரை ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி, கொஞ்ச நேரம் நின்று, மறைந்தது. மாட்டுவதற்கு ஜீப் இல்லை. பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வீடு வரை நடந்தார். என்னைத் தொட விடவில்லை.

இப்போது ரயில் மறுபடி வருகிறது. வீடியோ கேம் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. மச்சான் அதற்குப் பிறகு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் காவலுக்கு இருக்கிறார். போன ஆயுத பூஜைக்கு அவர் மகள், வீட்டுச் சாமான்களையெல்லாம் துலக்கினாள். அக்கா போனபோது இடுப்பில் இருந்த பிள்ளை. விபத்தில் அம்மா இறந்தாள் என்பதுதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. அரிவாள்மணை, மிக்சி, தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவள், பின்வாசல் பேட்டரிக்கும் வெந்நீர் ஊற்றினாள். பொடியெல்லாம் கரைந்தோடியது. ஈயத்தில் குத்திய மாதமும் ஆண்டும் தெரிந்தன. பேட்டரிக் கடையில் அக்கா ஹாரன் விசாரித்த மாதம். மகள் அதன் மேல் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள்.

மச்சான் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தார். "அதுக்கு வேண்டாம் ஆத்தா" என்று மெதுவாகச் சொன்னார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தோள் துண்டால் துடைத்தார். சந்தனம் துண்டோடு வந்துவிட்டது. குங்குமம், குத்தியிருந்த எழுத்துகளுக்குள் இறங்கியிருந்தது. எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.