மேலகரத்துக்குப் போன கிளி

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் நெசவாளிக்குப் பாதி வேலை வானத்தைப் பார்ப்பதுதான். தறியில் நீளவாட்டில் ஓடும் நூலான பாவுக்குக் கஞ்சி போட்டால் அது காய வேண்டும். காயாத பாவில் பூஞ்சணம் பிடித்து, நூல் கறுத்து, தறியில் ஏற்றியதும் அறுந்து அறுந்து வரும். ஐம்பத்தேழாம் வருஷத்து ஆனி மாதம் தெருவில் எல்லார் பாவும் அப்படித்தான் வந்தது. ஒலி முகம்மதின் பாவு மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அவர் போட்ட முடிச்சைத் துணியில் விரல் வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் அந்த வெள்ளைக்குக் காரணம் அதுவல்ல. கஞ்சி காய்ச்சும்போது மயில்துத்தம் என்கிற நீலக் கல்லைப் பொடித்துப் போட்டால் பூஞ்சணம் அண்டாது என்று நூல் வாங்கப் போன இடத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த வருஷம்தான் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தார். கேட்டவர்களிடம் கைராசி என்று சொல்லிவிட்டார். மனைவி அலிமாவிடமும் மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் பக்கத்து வீட்டுக்குப் போகும், அங்கிருந்து தெரு முழுக்கப் போகும் என்று நினைத்தார்.

அலிமாவுக்கு ஒரு கிளி உண்டு. குற்றாலத்தில் சீசன் கடைக்காரன் ஒருவனிடம், இறகு முளைக்காத குஞ்சாக வாங்கியது. அவள் புருஷனை ‘இந்தாங்க’ என்று கூப்பிடுவதைக் கேட்டு அதுவும் ‘இந்தாங்க’ என்று பழகிவிட்டது. தறிக்குழியில் இருக்கிறவர், கூப்பிட்டது எது என்று தெரியாமல் எழுந்து வந்து, கிளியிடம் ஏமாந்து திரும்புவார்.

அந்தக் கிளி ஒரு காலையில் சத்தமே இல்லாமல் இருந்தது. இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, கூண்டின் அடியில் குந்திவிட்டது. கொய்யாப்பழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாரல் குளிர்தான் என்று தெருவில் சொன்னார்கள். மிளகுத் தண்ணீர் விட்டார்கள், அடுப்பருகே வைத்தார்கள். மறுநாள் தலை ஒரு பக்கம் தொங்கியது. அலிமா அடுப்பையே பற்றவைக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கிளியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கா என்று அவர் கூச்சப்பட்டார். அவள் கூண்டின் மேல் துண்டைப் போர்த்தி அவர் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை. மேலகரத்தில் பிச்சம்மாள் வீட்டுப் பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, அங்கே போயிருக்கிறார் என்றார்கள். ஒலி முகம்மது கூண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கம் முதுகைக் கொடுத்தபடி மேலகரத்துக்கு நடந்தார். வழியில் இரண்டு தரம் துண்டை விலக்கி, உயிர் இருக்கிறதா என்று பார்த்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கன்று விழுந்திருந்தது. டாக்டர் வல்லிநாயகம் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். முற்றத்தில் நின்றவர்களில் துல்கர்னைனும் இருந்தார். அவரும் தறிக்காரர், ஒலி முகம்மதின் எதிர்வீடு. கன்றை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். துண்டை விலக்கியதும் பிச்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“கிளிக்கா டாக்டரைத் தேடி வந்திய? நான் என்னமோ கன்னுக்குட்டியத்தான் மூடிக் கொண்டாந்திட்டியன்னு பாத்தேன்.”

சிரிப்பு அடங்கும்வரை டாக்டர் காத்திருந்தார். பறவைக்குத் தான் அதிகம் வைத்தியம் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அலகைத் திறந்து பார்த்தார். கூண்டில் விரித்திருந்த பழைய துணியில் எச்சம் நீலம் பாய்ந்திருந்ததைக் குனிந்து கவனித்தார். என்னென்ன தின்றது என்று கேட்டார். பழம், மிளகாய், ஊறவைத்த கடலை என்று ஒலி முகம்மது வரிசையாகச் சொன்னார்.

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்க.”

டாக்டர் அவருடைய விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணில் கஞ்சி காய்ந்திருந்தது.

“தறியா? பாவுக் கஞ்சிய இது நக்குமா?”

குஞ்சாக இருந்த நாளிலிருந்தே பானை விளிம்பில் ஒட்டுகிற கஞ்சியை அலிமா விரலால் வழித்து அதற்கு ஊட்டுவாள். அரிசிக் கஞ்சிதானே. ஒலி முகம்மதுக்கு அப்போதுதான் விளங்கியது. துல்கர்னைன் ஓர் எட்டு முன்னால் வந்து நின்றார்.

“கஞ்சியில என்ன போடுதிய பாய்? சொன்னாத்தான் மருந்து சொல்ல முடியும்,” என்றார் டாக்டர்.

கிளி ஒருமுறை வாயைத் திறந்து மூடியது.

“மயில்துத்தம்,” என்றார் ஒலி முகம்மது.

“என்ன வே, கைராசின்னீரு?” என்றார் துல்கர்னைன்.

ஆட்டுக்குப் புழு விழ மயில்துத்தத் தண்ணீர் புகட்டுவது உண்டு, அளவு மிஞ்சினால் ஆடே சாய்ந்துவிடும், அப்போதும் கழிச்சல் இந்த நிறத்தில்தான் போகும் என்று டாக்டர் சொன்னார். முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்து, துணித் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். பிழைக்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. பிச்சம்மாள் சிரித்த வாயோடு உள்ளே போய், ஒரு முட்டையை எடுத்து வந்து தானே அடித்துக் கொடுத்தாள். முதல் சொட்டு அங்கேயே இறங்கியது.

வீட்டுக்கு வந்து ஒலி முகம்மது எல்லாவற்றையும் சொன்னார். அலிமா கிளியின் வாயிலிருந்து திரியை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என் கையாலயே அதுக்கு விஷத்த ஊட்ட வச்சிட்டிய.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இரண்டு பேரும் மாறி மாறிச் சொட்டு விட்டார்கள். தறி ஓடவில்லை. ஒரு நாள் கிளி வெள்ளைக்கருவைத் துப்பியது. மீண்டும் திரியை நீட்டியபோது அலிமாவின் விரலைப் பழைய பலத்தோடு கவ்விக் கடித்தது. ரத்தம் வந்த விரலைத் துடைக்காமல் தறிக்குழி வரை வந்து, அங்கே சும்மா உட்கார்ந்திருந்த அவரிடம் காட்டினாள்.

அன்று சாயங்காலமே துல்கர்னைன் வாசலில் வந்து நின்றார். ஒரு பானைக் கஞ்சிக்கு எவ்வளவு போட வேண்டும் என்று, வேறெதையோ கேட்க வந்தவர் மாதிரி கேட்டார். ஒலி முகம்மது உள்ளே போய்ப் பொடியைக் கொண்டுவந்து, இரண்டு விரல் நுனியில் எடுத்து அளவைக் காட்டினார். துல்கர்னைன் தம் விரலாலும் எடுத்துப் பார்த்தார். அது அதிகம் என்று ஒலி முகம்மது குறைக்கச் சொன்னார்.

“கோழி கீழி அண்டாம பானைக்கு மூடி போடச் சொல்லுங்க,” என்று உள்ளேயிருந்து அலிமாவின் குரல் வந்தது.

கிளி படுத்ததிலிருந்து பற்றவைக்காத அடுப்பில் அன்றைக்கு அவள் சோறு பொங்கியிருந்தாள்.