டைகருக்கு நான் கொடுத்த வெள்ளை மாத்திரை

எங்கள் நாய் டைகருக்கு முதலில் வந்தது தாகம். காலையில் நிரப்பிய தண்ணீர்ச் சட்டி பத்து மணிக்கெல்லாம் காலி. அடுத்து அடங்காப் பசி. பிறகு வயிறு பானையாக உப்பியது. நான் உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்: என் மனைவி சரோஜா கள்ளத்தனமாகச் சோறு போடுகிறாள்.

நான் லேசுப்பட்ட ஆளில்லை, பாருங்கள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரெஸராக (தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர்) இருந்தவன். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) பேர் கொடுத்ததும் பாதிப்பேர் என் சன்னலுக்குத்தான் வருவார்கள். எல்லோருக்கும் நான் ‘டாக்டரையா’. அந்தப் பனியும் டிங்சர் வாசனையும் நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்கள், நான் வேலையை விட்டு ஈப்போ நகருக்கு வந்தேன். இங்கே என் பேச்சைக் கேட்டு வாயைத் திறந்தது டைகர் மட்டும்தான்.

அவனுக்கு முன்பு அரிப்பு வந்தபோது, தோட்டத்தில் நான் கொடுத்துவந்த அதே சின்ன வெள்ளை மாத்திரையை வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. பெருமை தாங்கவில்லை. நிறுத்தாமல் கொடுத்தேன்.

உடம்பு பெருக்கவும் சோற்றைப் பாதியாக்கினேன். அவன் குப்பைத் தொட்டியைக் கிளறினான். “சத்தியமா நான் போடலங்க” என்று சரோஜா அழுதாள். நான் நம்பவில்லை. ஒரு வாரம் அவளோடு பேசவுமில்லை.

கடைசியில் மூச்சு வாங்கி, படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டான். கால்நடை மருத்துவர் வயிற்றைத் தடவினார், ரத்தம் எடுத்தார். தைராய்டு (கழுத்துச் சுரப்பி) மந்தமானாலும் எடை கூடும், இருதயக் கோளாறில் நீர் கோத்தாலும் வயிறு உப்பும் என்றார். மாத்திரை ஏதும் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். பெருமையாகவே எடுத்துக் காட்டினேன்.

“எவ்ளோ நாளா குடுக்குறீங்க, அங்கிள்?”

“ஆறு மாசமா. நான் டிரெஸர்லா.”

அவர் திட்டவில்லை. அதுதான் சுட்டது. அது ஸ்டீராய்டு (அரிப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து). அளவு மீறினால் பசியும் தாகமும் வயிறும் பெருகும். உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரக்க மறந்துவிடும். “திடீர்னு நிப்பாட்டிறாதீங்க. உயிருக்கே ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கொறைக்கணும்” என்றார்.

திரும்பும் வழியில், காரை ஓரங்கட்டி, சரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மாத்திரை உறையை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். பிறகு, “இனிமே மாத்திரைய நானே குடுக்குறேன்” என்றாள்.

உங்கள் நாய் பெருத்தால், சோற்றைக் குறைக்கும் முன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள்.

எங்கள் வீட்டில் அதன்பின் கிழமைகள் இல்லை. அரை மாத்திரை நாள், கால் மாத்திரை நாள், மாத்திரையில்லா நாள், அவ்வளவுதான். வயிறு வற்றியது. டைகர் இப்போது சரோஜாவிடம்தான் வாய் திறக்கிறான்.

நான் இன்னும் பெரட்டு நேரத்துக்கே விழிக்கிறேன். அவன் வந்து பக்கத்தில் சாய்கிறான். பழையபடி விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. அரித்தால் சொறிந்துவிடுகிறேன். என் வைத்தியம் அதோடு சரி.